தாடைக்கும் ஒரு புதிய மூட்டு

மனித உடம்பிலே ஓயாது உழைக்கும் மூட்டு எது என்று கேட்டால், முழங்கால் என்பார் சிலர். தோள் என்பார் வேறு சிலர். தாடையை நினைப்பவர் அரியர். காலையில் வாய் கொப்பளிப்பது தொடக்கம் இரவில் கொட்டாவி விடுவது ஈறாக, உண்பதற்கும் உரையாடுவதற்கும் சிரிப்பதற்கும் விழுங்குவதற்கும் தாடை அசைந்துகொண்டே இருக்கின்றது. அவ்வசைவுக்கு ஓர் இடையூறு நேரும் வரையில், அங்கே ஒரு மூட்டு உண்டு என்பதையே நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றிப் பொருத்துவது இன்று எல்லாரும் கேள்விப்பட்ட சிகிச்சையாகிவிட்டது. காதுக்கு முன்னால், கட்டைவிரல் நுனியளவே உள்ள தாடை மூட்டையும் அவ்வாறு மாற்றலாம் என்பதோ பலர் அறியாத செய்தி. அதனையே இங்கு எடுத்துக்கூற முற்படுகின்றோம். புதுமையைக் கண்டு வியப்பது மட்டும் நமது நோக்கமன்று. புதிய மூட்டு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை அறிந்துகொள்வதே நம் குடும்பங்களுக்குப் பெரிதும் பயன் தருவதாகும். கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் பொறுத்தவரையில் இவ்வறிவு இன்னும் அவசியமாகின்றது. அதற்குரிய காரணத்தைப் பின்னர் காண்போம்.

கதவும் இழுப்பறையும்

இரு காதுகளுக்கும் சற்று முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து பாருங்கள். விரலின் கீழ் ஏதோ ஒன்று உருண்டு முன்னோக்கி நகர்வதை உணர்வீர்கள். அதுவே கீழ்த்தாடை எலும்பின் குமிழ். மண்டையோட்டின் அடிப்பாகத்திலுள்ள ஒரு சிறு குழியில் அது பொருந்தியிருக்கின்றது. குமிழுக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று மெத்தையைப் போலக் கிடந்து, எலும்போடு எலும்பு உரையாதபடி காக்கின்றது.

மற்றைய மூட்டுகளுக்கு இல்லாத ஒரு விசேடம் இதற்கு உண்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது குமிழ் கதவின் கீலைப் போலச் சுழல்கின்றது. மேலும் அகலத் திறக்கும்போது மேசையின் இழுப்பறையைப் போல முன்னே வழுக்கிச் செல்கின்றது. சுழற்சியும் வழுக்கலும் ஒருங்கே நிகழும் மூட்டு இது. அன்றியும், கீழ்த்தாடை ஒரே எலும்பாதலின் வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒன்றையொன்று விட்டு அசைய முடியாது. ஒன்று நோயுற்றால் மற்றையது அதன் சுமையையும் தாங்க வேண்டியதாகின்றது.

வளர்ந்தவர் ஒருவரின் வாய் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை திறக்கும். அளவுகோல் தேவையில்லை. தம் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிந்தால் போதுமானது. இரண்டு விரலே நுழையுமாயின் வைத்தியரைக் காண வேண்டும்.

மூட்டுத் தேய்வும் அதன் குறிகளும்

முழங்கால் தேய்வதைப் போலவே தாடை மூட்டும் தேயக்கூடும். நடுவிலுள்ள தட்டு இடம் பெயர்தல், முகத்தில் அடிபடுதல், உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தல், மூட்டுவாத நோய்கள் ஆகியன அதற்குத் துணைபுரியும் காரணங்கள். குமிழின் மேற்பரப்பு கரடுமுரடாகின்றது. எலும்பு சில இடங்களில் அரிக்கப்பட்டும் சில இடங்களில் முளைவிட்டும் உருமாறுகின்றது. காதுக்கு முன்னால் நோவு, மெல்லும்போது மணலை அரைப்பது போன்ற ஓசை, காலையில் தாடை விறைத்திருத்தல், மேல் கீழ்ப் பற்கள் முன்போல் பொருந்தாமை என்பன இந்நோயின் குறிகள். காது நோவு என்று எண்ணிக் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இங்கே இரண்டு ஆறுதல்களைக் கூறுதல் வேண்டும். வாயைத் திறக்கும்போது 'டக்' என்று ஓசை மாத்திரம் எழுந்து, நோவும் தடையும் இல்லையாயின், அது பெரும்பாலும் சிகிச்சை வேண்டாத ஒன்று. எத்தனையோ பேருக்கு அவ்வோசை ஆயுள் முழுவதும் இருந்துகொண்டேயிருக்கும். மற்றையது, தேய்வு உண்மையிலேயே தொடங்கியவர்களிலும் மிகப் பலருக்கு, எலும்பு புதிய வடிவம் பெற்று, காலப்போக்கில் நோவு தணிந்துவிடுகின்றது. ஆகவே, தாடை நோவு வந்த நூறு பேரில் கத்தியை நாட வேண்டியவர் மிகச் சிலரே.

கத்திக்கு முன் செய்வன

முதற் சிகிச்சை எளிமையானது. சில வாரங்களுக்கு மென்மையான உணவு, முறுக்கும் கடலையும் கரும்பும் விலக்கு, கொட்டாவி வரும்போது நாடியைக் கையால் தாங்கிக்கொள்ளல், வெந்நீர் ஒத்தடம், வைத்தியர் தரும் நோவு நீக்கி, அவர் கற்பிக்கும் தாடைப் பயிற்சி, பற்களை நெரிப்பவர்களுக்கு இரவில் அணியும் ஒரு கடிதகடு. இவற்றாலேயே பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

இவற்றுக்கு அடங்காத நோவுக்கு மூட்டைக் கழுவும் முறை ஒன்று உண்டு. மூட்டின் மேலறையுள் இரு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே உப்புநீர் போன்ற தூய திரவத்தைப் பாய்ச்சி மற்றையதன் வழியே வெளியேற்றுவர். இம்முறை 1991ஆம் ஆண்டில் வைத்திய ஏடுகளில் விவரிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1975இல், ஜப்பானைச் சேர்ந்த ஒனிஷி என்னும் வைத்தியர் மெல்லிய உள்நோக்குக் குழாயைத் தாடை மூட்டுக்குள் செலுத்திப் பார்க்கும் வழியைக் காட்டியிருந்தார். இப்படிகளையெல்லாம் கடந்த பின்னரே மாற்று மூட்டைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

வாய் திறவாமைக்கு வேறு காரணங்கள்

மேலே நாம் குறிப்பிட்ட காரணத்துக்கு இப்போது வருவோம். ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரிடையே வெற்றிலையும் பாக்கும் பழகிப்போன துணைகள். பனியும் மழையும் நிறைந்த மலையில், வெறும் வயிற்றின் சோர்வைப் போக்க அது உதவுகின்றது என்று அவர்கள் கருதுகின்றனர். நகரத்து வீடுகளிலும் இப்பழக்கம் இல்லாமலில்லை. ஆனால் நாள்தோறும் மெல்லும் பாக்கு கன்னத்தின் உட்தோலை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றது. முதலில், உறைப்பான கறி வாயில் பட்டதும் எரிவு தோன்றும். பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்கு போலாகும். அதன்பின் கன்னத்தினுள் கயிறு போன்ற நார்கள் தடித்து, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்.

இது மூட்டு நோயன்று; வாயின் உட்தோல் நாராய் இறுகும் வேறொரு நோய். கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் விவரித்தார். இந்நோயுற்றவர்களில் சிலருக்குக் காலப்போக்கில் வாய்ப் புற்றுநோய் உண்டாவதே இதன் பேரபாயம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்துள்ளது. 'நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்' என்று ஆறுதல் கொள்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

இத்தகையவருக்கு மூட்டை மாற்றினாலும் வாய் திறக்காது. பூட்டு வேறிடத்தில் இருக்கக் கதவின் கீலை மாற்றுவதால் என்ன பயன்? பாக்கை அறவே நிறுத்துவதும், வாயைத் திறக்கும் பயிற்சியும், பற்சிகிச்சை வைத்தியரின் இடைவிடாத கண்காணிப்புமே அவருக்கு முதல் மருந்து. ஏற்பட்டுவிட்ட இறுக்கம் பாக்கை விட்டதும் முற்றாக மறைந்துவிடாது என்பதனாலேயே, எரிவு தோன்றும் தொடக்க நிலையிலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

வேறு காரணங்களும் உள. கடைவாயில் ஞானப்பல் சீழ் கட்டினால் சில நாட்களுக்கு வாய் திறக்காமற் போகலாம். காயம்பட்ட ஒருவருக்குத் தாடை திடீரென விறைத்துக்கொண்டால் அது ஏற்புவலியாக இருக்கக்கூடும். அவரை ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இன்னொன்று சிறுபிள்ளைகளைப் பற்றியது. மரத்திலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ விழுந்து நாடியில் அடிபட்ட பிள்ளையின் தாடைக் குமிழ், வெளியே தெரியாமலே முறிந்திருக்கலாம். நாடிக் காயத்துக்கு மருந்து கட்டியதோடு நின்றுவிட்டால், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ குமிழும் குழியும் ஒரே எலும்பாக ஒட்டிப்போய், வாய் திறவாமலும் கீழ்த்தாடை வளராமலும் போக நேரிடும். நாடியில் பலமாக அடிபட்ட பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், சில மாதங்கள் வரை அதன் வாய் எவ்வளவு திறக்கின்றது என்று கவனிப்பதும் பெற்றோர் கடமை.

அவசரம் கற்பித்த பாடம்

உண்மையாகவே மூட்டு அழிந்துவிட்டவர்களுக்கு மாற்று தேடும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு முந்தியது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற ஹரல்ட் கில்லீஸ், நோயாளியின் சொந்த விலா எலும்பிலிருந்து குருத்தெலும்போடு ஒரு துண்டை எடுத்துத் தாடையிற் பொருத்தும் முறையை 1920இல் எழுதினார். விலாத்துண்டு பிள்ளையோடு சேர்ந்து வளரக்கூடியது. ஆதலால் வளரும் பிள்ளைகளுக்கு இன்றும் அது பயன்படுகின்றது.

உலோகமும் செயற்கைப் பொருளும் மூட்டிற்குள் வந்த வரலாறு நமக்கு ஒரு பெரும் பாடத்தைப் புகட்டுகின்றது. இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை நிலைநாட்டிய ஜோன் சார்ன்லி, முதலில் டெப்லோன் என்னும் வழுவழுப்பான பொருளைக் குழிக்குப் பயன்படுத்தினார். ஏறக்குறைய 300 நோயாளிகளுக்கு அதனைப் பொருத்திய பின்னர், அது விரைவில் தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் புண்ணாக்குவதைக் கண்டார். மனம் நொந்த அவர், அப்பொருளையும் வேறொரு பொருளையும் தம் தொடையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். வேறொரு பொருளான அடர்ந்த பொலித்தீன் தாக்குப்பிடிக்கும் என்று கண்டு, 1962 நவம்பர் முதல் அதனைக் கையாண்டார். அன்று தொடங்கிய வழியே இன்றைய இடுப்பு மூட்டுச் சிகிச்சையின் வழி.

இடுப்பில் தோற்ற பொருள் தாடைக்கு ஆகாது என்று எண்ணத் தோன்றுகின்றதல்லவா? ஆயினும் 1980களில் அமெரிக்காவில், தட்டு கெட்டுப்போன தாடை மூட்டுகளுக்குள் டெப்லோன் கலந்த செயற்கைத் தட்டுகளை ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தனர். அவையும் நொறுங்கின. அவற்றின் துகள்களை அழிக்க முயன்ற உடம்பு, பக்கத்து எலும்பையும் சேர்த்து அரித்தது. நோவு தீரும் என்று வந்தவர்கள் முன்னிலும் பெரிய நோவோடு, மீண்டும் மீண்டும் கத்திக்கு இரையாயினர். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 1990இன் இறுதியில் எச்சரிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டில் அத்தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

இவ்வனுபவத்தின் பின்னரே இன்றைய மாற்று மூட்டு உருப்பெற்றது. குழிக்கு அடர்ந்த பொலித்தீன், குமிழுக்குக் கோபால்ட் குரோமியக் கலப்புலோகம், தாடையோடு பொருந்தும் தண்டுக்கு டைட்டேனியம் என்று, இடுப்பு மூட்டில் தேறிய பொருட்களே தாடைக்கும் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு நோயாளியின் எலும்புக்கும் தனித்தனியே அளந்து செய்யும் மூட்டு 1999இலும், ஆயத்த அளவுகளிற் கிடைக்கும் மூட்டு 2005இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அளந்து செய்யும் மூட்டுகளைப் பெற்றவர்களை 20 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்த வைத்தியர்கள், நோவு குறைந்து வாய் திறப்பும் கூடிய நிலை நிலைத்திருப்பதை எழுதியுள்ளனர்.

எவ்வாறு பொருத்துகின்றனர்?

முதலில் தலையை சி.ரி. ஸ்கேன் எனும் கதிர்ப்படமெடுத்து, அதனைக் கொண்டு நோயாளியின் மண்டையோட்டுக்கு ஒரு மாதிரியுரு செய்வர். அளவெடுத்துத் தைக்கும் சட்டையைப் போல, அம்மாதிரிக்கேற்ப மூட்டு ஆக்கப்படுகின்றது. மயக்கமருந்து கொடுப்பவரின் பணி இங்கு மிகவும் நுட்பமானது. வாய் திறவாத நோயாளிக்கு மூக்கின் வழியே ஒளிக்குழாயின் துணையோடு சுவாசக்குழாயைச் செலுத்த வேண்டியிருக்கும்.

காதுக்கு முன்னால் ஒரு வெட்டும், தாடையின் கீழ்க்கோணத்தில் ஒரு வெட்டும் இடப்படுகின்றன. கெட்டுப்போன குமிழை அரிந்தெடுத்து, மேலே குழியையும் கீழே தண்டையும் சிறு திருகாணிகளால் எலும்போடு பிணைப்பர். அதற்கு முன் மேல் கீழ்ப் பற்களைச் சரியான கடியில் தற்காலிகமாகக் கம்பியாற் கட்டிவிடுவர்; புதிய மூட்டு பற்களின் கடிக்கு இசைய வேண்டுமல்லவா? கண்ணிமையை மூடவும் நெற்றியைச் சுருக்கவும் உதவும் முகநரம்பின் கிளைகள் இவ்விடத்தின் வழியே செல்கின்றன; ஆழத்தில் பெரிய இரத்தக்குழாய் ஒன்று ஓடுகின்றது. ஆகையால் இது தேர்ந்த கைகளுக்கே உரிய வேலை. முகத்தில் ஒருபுறம் சில காலம் சோர்ந்திருப்பதும், சிலருக்கு அது நீங்காதிருப்பதும், மூட்டில் கிருமி தொற்றுவதும் நேரக்கூடிய இடர்கள். நிக்கல் முதலிய உலோகம் ஒவ்வாதவர்கள் அதனை முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

புதிய மூட்டு இயற்கை மூட்டன்று. அது கதவைப் போலச் சுழலும். இழுப்பறையைப் போல வழுக்கிச் செல்வது அரிது. ஆதலால் பழைய அளவுக்கு வாய் திறவாது. தாடையைப் பக்கவாட்டில் அசைப்பதும் குறையும். நாள்தோறும் செய்யும் பயிற்சியை மாதக்கணக்கில் விடாது செய்பவருக்கே முழுப்பயன் கிட்டும். ஆனால் பல ஆண்டுகளாகக் கஞ்சியையே உறிஞ்சிக் குடித்தவர் சோற்றைப் பிசைந்து கவளமாக வாயில் இடவும், பல் துலக்கவும், பிறர் முன் நோவின்றிப் பேசவும் முடிந்தால் அது சிறிய பேறா?

பேராதனையின் பணி

இலங்கையில் பல்வைத்தியக் கல்வி 1938இல் கொழும்பில் தொடங்கியது. 1950களில் அது பேராதனைக்கு வந்தது. மகாவலிக் கரையிலுள்ள அப்பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இந்நாட்டின் பல்வைத்தியர்களைப் பயிற்றிய ஒரே இடமாக விளங்கியது. ஜப்பானிய அரசின் உதவியோடு 1990களின் பிற்பகுதியில் அங்கே புதிய போதனா பல்வைத்தியசாலை எழுந்தது. வாயும் தாடையும் முகமும் சம்பந்தப்பட்ட சத்திரசிகிச்சைக்கு அங்கே தனித்துறை உண்டு. வெற்றிலை மெல்பவர்களின் வாய் நோய்களைப் பற்றி அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சிகள் உலக ஏடுகளில் இடம்பெற்றவை. கண்டியைச் சூழ வாழும் நமக்கு, 'வாய் ஏன் திறக்கவில்லை?' என்ற கேள்விக்கு விடை தரவல்லோர் ஒரு பஸ் பயணத் தூரத்திலேயே இருக்கின்றனர். தோட்ட வைத்திய நிலையத்திலிருந்தோ அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவிலிருந்தோ ஒரு கடிதம் பெற்றுச் செல்வது வழியை எளிதாக்கும்.

சத்திரசிகிச்சை என்று எவராயினும் கூறினால், அஞ்சவும் வேண்டாம்; உடனே தலையசைக்கவும் வேண்டாம். நான்கு கேள்விகளை அமைதியாகக் கேளுங்கள். என் வாய் திறவாமைக்குக் காரணம் மூட்டா, தசையா, கன்னத்தின் உட்தோலா? கத்தியில்லாத முறைகளில் எவை இன்னும் எஞ்சியுள்ளன? இச்சிகிச்சையால் எனக்கு எது கிட்டும், எது கிட்டாது? மூட்டின் விலை என்ன, பிற்காலப் பரிசோதனை எங்கே? நல்ல வைத்தியர் இக்கேள்விகளை விரும்பியே வரவேற்பார். முன்னரே பலமுறை கத்தி பட்ட மூட்டில் புதிய மூட்டின் பயன் குறைகின்றது என்பது அனுபவம்; ஆதலால் முதற்படியிலேயே நிதானம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டைவிரல் நுனியளவான ஒரு மூட்டை ஆக்குவதற்கு வைத்தியரோடு உலோகவியலாரும் பொறியியலாரும் இரசாயன அறிஞரும் கைகோக்க வேண்டியிருந்தது. தம் தவறான பொருளைத் தாமே கண்டு, தாமே அதனைக் கைவிட்ட சார்ன்லியின் நேர்மை அவர் கண்ட மூட்டிலும் பெரியது. அவருடைய அனுபவத்தைப் பொருட்படுத்தாத அவசரத்துக்கோ ஆயிரக்கணக்கானோர் விலை கொடுத்தனர்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு உணவுக்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் மூன்று விரல்களை நிறுத்தி வாயைத் திறந்து பார்க்கட்டும். பாக்கு மெல்லும் பாட்டியை மறந்துவிடாதீர்கள். மூன்று விரல் நுழையாதவர் ஒருவரைக் கண்டால், அவரைக் கண்டிக்காமல், அன்போடு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். புதிய மூட்டு சிலருக்கே வேண்டும். உரிய காலத்தில் வாய் பார்க்கும் வழக்கமோ நம் எல்லாருக்கும் வேண்டும்.